பன்னிரண்டாம் வருடத்து வாத்தியார்: பணித்தெம்பு என்றால் என்ன?

எங்கள் ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “ஒரு இன்ட்ரஸ்ட்டே இல்ல சார்.” சொல்கிறவருக்குப் பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயது. வேலை நிரந்தரம். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கும். வெளியில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். “காலேஜ் வாத்தியாருக்கு என்னய்யா குறை? தினம் மூணு மணி நேரம் வேலை, ரெண்டு மாசம் லீவு.” குறை இன்னதென்று அவராலும் சட்டென்று சொல்ல முடியாது. சம்பளமா என்றால் இல்லை என்பார். உடம்புக்கு முடியவில்லையா, அதுவும் இல்லை. பிரின்சிபலோடு மனஸ்தாபமும் கிடையாது. பிறகு என்னதான்?

அந்த ‘என்னதான்’ என்பதற்கு நிர்வாகவியலில் மொரேல் என்று பெயர். மனவுறுதி, மன உரம் என்றெல்லாம் தமிழில் எழுதுகிறார்கள். ராணுவத்துக்குச் சரி, வகுப்பறைக்கு ஒட்டவில்லை. எனக்குத் தெரிந்து ‘தெம்பு’தான் கிட்டத்தில் வருகிறது. காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆன பிறகும் “இன்னும் தெம்பு வரல” என்கிறோமே, அந்தத் தெம்பு. நோய் போய்விட்டது, ஆனால் எழுந்து நாலு தெரு நடக்கத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரையில் அதைப் பணித்தெம்பு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பணித்தெம்பும் திருப்தியும் ஒன்றல்ல. அமெரிக்க உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி, 1959இல் ஒரு முடிவைச் சொன்னார். வேலையில் எப்போது வெறுத்துப்போனீர்கள் என்று கேட்டால் சம்பளம், மேலதிகாரி, நிர்வாக விதிகள் என்று பதில் வந்தது. எப்போது நிறைவாக இருந்தீர்கள் என்று கேட்டால் செய்து முடித்த வேலை, கிடைத்த அங்கீகாரம், வேலையின் சுவை, முன்னேற்றம் என்று வேறு பதில்கள் வந்தன. முதல் வகையைச் சரிசெய்தால் புலம்பல் குறையும், ஆனால் உற்சாகம் தானாக வந்துவிடாது என்பது அவர் வாதம். நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் அடுத்தவனால் என்று சொல்வது மனித இயல்பு, ஹெர்ஸ்பெர்க் அதைத்தான் அளந்துவிட்டார் என்று பிறகு குறை சொன்னார்கள். நியாயமான குறைதான். இருந்தாலும் சம்பளக் கமிஷன் வந்து சம்பளம் உயர்ந்த பிறகும் ஸ்டாஃப் ரூமில் அதே வாக்கியம் ஏன் ஒலிக்கிறது என்பதற்கு அவரிடம் பாதி விடை இருக்கிறது.

‘பர்ன் அவுட்’ என்கிற எரிந்து தீர்தலும் வேறு சங்கதி. அதை அளக்க 1981இல் கிறிஸ்டினா மஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் ஒரு அளவுகோல் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று அடையாளங்கள்: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகவே பார்க்காமல் விட்டேற்றியாக நடத்துவது, நான் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற நினைப்பு. உலக சுகாதார அமைப்பு 2019இல் இதை நோய் என்று சொல்லாமல் ‘பணி சார்ந்த நிலை’ என்று தன் பட்டியலில் விவரித்தது. நான் சொல்லும் ஆளுக்கு இதில் எதுவும் இருக்க வேண்டியதில்லை. மாலையில் ஷட்டில் ஆடுவார், பேரவைத் தேர்தல் பற்றி ஒரு மணி நேரம் உற்சாகமாகப் பேசுவார். கல்லூரி என்று வந்தால் மட்டும் விளக்கு மங்கிவிடும்.

ஆசிரியர்களின் தெம்பை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்தவர்களில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஜான்ஸ்ரட், அவரோடு சேர்ந்து எழுதிய விக்கி ரோசர் இருவரும் முக்கியமானவர்கள். 2002இல் வந்த அவர்கள் ஆய்வு தெம்பை மூன்று இழைகளாகப் பிரித்தது: வேலையில் மனம் ஒன்றுவது, நிறுவனம் தன்னை மதிக்கிறது என்ற உணர்வு, தன் நலம் குறித்த உணர்வு. பணிவாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஆசிரியர் நினைக்கிறாரோ அதைப் பொறுத்துத் தெம்பு அமையும், தெம்பைப் பொறுத்து வேலையை விடும் எண்ணம் அமையும் என்றார்கள். மூன்று இழைகளில் நடுவில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்மூரில் முதலில் இற்றுப்போவது அதுதான் என்பது என் கணிப்பு.

ஏன் பணிக்காலத்தின் நடுவில் இது நடக்கிறது? புதிதாகச் சேர்ந்தவருக்கு எல்லாமே முதல் தடவை. ஓய்வு பெறப் போகிறவருக்கு இனி எதுவும் நிரூபிக்க வேண்டியதில்லை. நடுவில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று புரிய, தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் பதவி ஏணியைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். அலுப்பான சமாச்சாரம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யு.ஜி.சி. என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் சம்பள அட்டவணையின் லெவல் 10இல் சேர்கிறார். பிஎச்.டி. இருந்தால் 4 ஆண்டில், எம்ஃபில் இருந்தால் 5 ஆண்டில், இரண்டும் இல்லையென்றால் 6 ஆண்டில் லெவல் 11. அதற்குப் பின் 5 ஆண்டில் லெவல் 12. இன்னும் 3 ஆண்டு போனால், பிஎச்.டி. கட்டாயம் என்ற நிபந்தனையோடு, லெவல் 13ஏ, அதாவது இணைப் பேராசிரியர். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தால் 12 ஆண்டு. இந்தப் பதவி உயர்வு முறைக்குப் பணி மேம்பாடு என்று பெயர். யாரும் அப்படிச் சொல்வதில்லை, சி.ஏ.எஸ். என்றால்தான் பியூனுக்கும் புரியும்.

இனி சம்பளம். ஒவ்வொரு லெவலின் தொடக்க அடிப்படைச் சம்பளம்: 57,700, 68,900, 79,800, அதற்கடுத்து 1,31,400. முதல் இரண்டு படிகளுக்கும் இடையே பதினோராயிரம் ரூபாய் வாக்கில்தான் வித்தியாசம். 12இலிருந்து 13ஏவுக்கு மட்டும் 51,600. பஞ்சப்படி தனி. முழு ஏணியிலும் உயரமான படி இதுதான், அதுவும் சரியாக நடுவில் இருக்கிறது. பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் காலம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்யும் காலம். அந்த நேரத்தில் ஒருவருடைய கோப்பு துறைத்தலைவர் மேஜையில் ஆரம்பித்து, தேர்வுக் குழு கூடி, கல்லூரி அலுவலகம் தாண்டி, மண்டல அலுவலகம் போய், ‘சில விவரங்கள் கோரப்படுகின்றன’ என்று திரும்பி வரும். ரெஃப்ரெஷர் கோர்ஸ் என்னும் ஆசிரியர் பயிற்சியின் சர்டிபிகேட்டில் தேதி தகுதிக் காலத்துக்கு வெளியே விழுந்திருக்கும். மறுபடி ஸ்பைரல் பைண்டிங், மறுபடி மூன்று நகல். மூட்டா, ஏ.யு.டி. போன்ற ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைகளில் சி.ஏ.எஸ். நிலுவை நிரந்தரக் குடியிருப்பாளர். மாணவனுக்கும் அரியர், வாத்தியாருக்கும் அரியர் என்று எங்கள் துறையில் ஒரு பழைய ஜோக் உண்டு.

தாமதமானாலும் தகுதி பெற்ற தேதியிலிருந்து கணக்கிட்டு நிலுவை கொடுத்துவிடுவார்களே, பிறகென்ன என்று கேட்கலாம். பணம் ஒருநாள் வரும், சரி. அதுவரை ஓடும் மூன்று நான்கு வருடங்களில் அவர் தன் வேலையைப் பற்றி என்ன நினைக்கக் கற்றுக்கொள்கிறார் என்பதுதான் விஷயம்.

அதே விதிமுறையில் இன்னொரு சின்ன அட்டவணை இருக்கிறது. கல்லூரி ஆசிரியரின் ஆண்டு மதிப்பீடு அதன்படிதான். கற்பித்தலுக்கு எப்படி மதிப்புப் போடுகிறார்கள் என்றால், ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை சதவீதம் எடுத்தார் என்று பார்க்கிறார்கள். 80க்கு மேல் என்றால் ‘நன்று’, 70க்கு மேல் என்றால் ‘திருப்தி’, அதற்குக் கீழே போனால் திருப்தியில்லை. அவ்வளவுதான். 81 சதவீத வகுப்புகளுக்குப் போய் கைடு புத்தகத்தை வாசித்துவிட்டு வந்தவரும், பின்வரிசைப் பையன் புரிந்து தலையாட்டும்வரை விடாமல் பாடம் சொன்னவரும் அந்தக் கட்டத்தில் ஒன்றே. 2010 விதிமுறையில் ஏ.பி.ஐ. என்று புள்ளிக்கணக்கு இருந்தது. கருத்தரங்குக்கு இத்தனை, கட்டுரைக்கு இத்தனை என்று எண்ணி எண்ணி எல்லோரும் நொந்துபோன பிறகு வந்த எளிய ஏற்பாடுதான் இது. எளிமை நல்லதுதான். ஆனால் நல்லாசிரியர் எவரும் தன் முகத்தை அந்தக் கண்ணாடியில் பார்க்க முடியாது.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒரு புதன்கிழமை, எங்கள் செமினார் ஹாலில் சிறப்புரை. பேச்சாளர் நன்றாகப் பேசினார். முடிவில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, பணவீக்கம் ஏறினால் எங்கள் ஊர் மகளிர் குழுவில் கடன் வாங்கியவர்களுக்கு லாபமா நஷ்டமா என்று கேட்டாள். பேச்சாளரே ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். நன்றியுரை முடிந்து பொன்னாடை போர்த்தினோம். அப்போது போட்டோ எடுத்துக்கொண்டிருந்த சக பேராசிரியை, “சார், லொகேஷன் விழல, இன்னொரு தடவ” என்றார். போட்டோவின் கீழே இடம், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தெரிய வேண்டும். ஜியோ டேக் இல்லாத போட்டோவை நாக், அதாவது கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு, கேட்கும் ஆவணத்தில் சேர்க்க முடியாது. பொன்னாடையைக் கழற்றி மறுபடி போர்த்தினோம். சிக்னல் கிடைக்க ஜன்னல் பக்கம் நகர்ந்து மூன்றாம் முறை. பேச்சாளர் சிரித்துக்கொண்டே ஒத்துழைத்தார், அவர் கல்லூரியிலும் இதே கதைதான்.

போட்டோ எடுத்தவருக்கு அன்று 14 வருட சர்வீஸ். அன்றைய தலைப்பில் அவரே இரண்டு மணி நேரம் பேசக்கூடியவர். மதியம் முழுக்க உட்கார்ந்து அறிக்கை தயார் செய்தார்: சுற்றறிக்கை, அழைப்பிதழ், பங்கேற்றோர் கையெழுத்துப் பட்டியல், ஃபீட்பேக் படிவம், சர்டிபிகேட் மாதிரி, போட்டோ. அந்த மாணவி கேட்ட கேள்வியை எங்கே எழுதுவது என்று பார்த்தேன். அதற்குக் கட்டம் இல்லை.

நாக் குழுவைக் குறை சொல்வது இப்போது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது, நான் அதில் சேரவில்லை. 1994இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அது தொடங்கப்பட்ட பிறகுதான் பல கல்லூரிகளில் நூலகத்துக்குக் கணினி வந்தது, கழிப்பறைக்குக் கதவு வந்தது. ஆதாரம் கேட்பதும் தப்பில்லை. ஆதாரம் திரட்டும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. புதிதாகச் சேர்ந்தவருக்கு எதுவும் தெரியாது. மூத்தவர் கம்ப்யூட்டர் பக்கம் வர மாட்டார். இரண்டும் தெரிந்தவர் நடுவில் இருப்பவர். நாக் மதிப்பீட்டின் ஏழு கிரைட்டீரியாவில் ஒன்று அவருக்கு. ஒவ்வொரு பாடத்தின் பயனையும் மொத்தப் படிப்பின் பயனோடு பொருத்திக் காட்டும் சி.ஓ. பி.ஓ. மேப்பிங் எக்செல் ஷீட்டும் அவருக்கு. தேர்வு நேரத்தில் ஸ்க்வாட், அட்மிஷன் நேரத்தில் கவுன்சலிங் மேஜை, நடுவில் என்.எஸ்.எஸ். கேம்ப். விதிமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்கிறது. தினம் மூணு மணி நேரம் என்று வெளியில் சொல்வது இதைத்தான். வகுப்புக்கு 60 பேர், மூன்று வகுப்பு, செமஸ்டருக்கு இரண்டு இன்டெர்னல் என்றால் 360 விடைத்தாள். அந்த மூன்று மணிக்குள் இது வராது.

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் உதவிப் பேராசிரியர் ஆறேழு ஆண்டு தகுதிகாண் பருவத்தில் ஓடுவார். அதில் தேறினால் டென்யூர் என்னும் நிரந்தரமும் வழக்கமாக இணைப் பேராசிரியர் பட்டமும் கிடைக்கும். அதுவரை குழு வேலைகளிலிருந்து துறை அவரைக் காத்துவந்திருக்கும். நிரந்தரமான மறுநாள் அந்தக் குடை மடங்கிவிடும். அடுத்த உயர்வுக்குக் கெடு தேதியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. ஹார்வர்டிலிருந்து இயங்கும் கோச் என்ற அமைப்பு பல பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களிடம் பணித்திருப்தி பற்றிக் கேட்டுவருகிறது. அதன் 2012 வாக்கிலான முடிவுகளில், கீழே இருக்கும் உதவிப் பேராசிரியரையும் மேலே இருக்கும் பேராசிரியரையும்விட நடுவில் இருக்கும் இணைப் பேராசிரியர்தான் வாடியிருந்தார்.

பெண்களுக்கு இந்த நடுப்பகுதி இன்னும் நீளம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஜோயா மிஸ்ராவும் சகாக்களும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் இணைப் பேராசிரியர்கள் வாரத்துக்கு ஏழரை மணி நேரம் பெண்களைவிட அதிகமாக ஆராய்ச்சிக்குச் செலவிட்டார்கள். பெண்களின் அந்த நேரம் எங்கே போனது? குழு வேலைகளுக்கு சுமார் ஐந்து மணி நேரம் அதிகம், மாணவர்களுக்கு வழிகாட்டுவதில் இரண்டு மணி நேரம் அதிகம், கற்பித்தலில் ஒரு மணி நேரம் அதிகம். மொத்த உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், பதவி உயர்வுக் கணக்கில் ஏறுவது எதுவோ அது மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் ஊரில் இதை யாரும் மணிக்கணக்காக அளக்கவில்லை. ஆனால் ஹாஸ்டல் பிரச்சினை, கலைவிழா, வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வரும் முதலாண்டு மாணவி, இவையெல்லாம் எந்த மேஜைக்குப் போகின்றன என்று பார்க்க ஆய்வு தேவையில்லை. மேடம் மேஜைக்குத்தான்.

ஏணி உள்ளவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அதே வளாகத்தில் மாலை ஷிஃப்டில், சுயநிதிப் பிரிவில், அதே பாடத்தை எடுப்பவருக்கு இந்த ஏணியே கிடையாது. அரசுக் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளருக்கும் இல்லை. பதினைந்து வருடம் ஆகியும் ‘தற்காலிகம்’ என்ற சொல் கூடவே வரும். அவர்களிடம் போய்த் தெம்பைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஹெர்ஸ்பெர்க்கின் முதல் பட்டியலே அங்கே இன்னும் நிரம்பவில்லை. அது தனியாக எழுத வேண்டிய கட்டுரை.

ஹவாய் ஆய்வு தெம்பு குறைந்தால் வேலையை விடும் எண்ணம் வரும் என்றது. இங்கே யார் விடுவார்கள்? உதவிபெறும் கல்லூரியில் நிரந்தரப் பணியிடம் என்பது குடும்பமே கோயிலுக்கு வேண்டிக்கொண்டு வாங்கிய பொருள். ராஜினாமாக் கடிதங்களை எண்ணிப் பார்க்கும் நிர்வாகத்துக்கு எல்லாம் நலமாகத்தான் தெரியும். ஆள் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவது அந்தக் கணக்கில் வராது. தமிழில் அதற்குச் சொற்கள் நிறைய: கடனே என்று, ஒப்புக்கு, பேருக்கு. கேள்வித்தாள் தயாரிப்பில் அது முதலில் தெரியும். மூன்று வருடத்துக்கு முந்தைய தாளில் இரண்டு கேள்வி இடம் மாறியிருக்கும். அடுத்து நூலகப் பதிவேட்டில் தெரியும். கடைசியாகத்தான் வகுப்பில் தெரியும். அப்போதும் மாணவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைப்பார்கள், பாவம்.

என்ன செய்தால் தேறும் என்று கேட்டால் என்னிடம் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் தற்செயலாகவே நல்ல மருந்து ஒன்று கைவசம் இருந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் ரெஃப்ரெஷர் கோர்ஸ். ஹாஸ்டலில் தங்கி, வேறு வேறு ஊர்க்காரர்களோடு மெஸ்ஸில் சாப்பிட்டு, இரவு டீக்கடையில் பாடத்தைப் பற்றி வாதாடிவிட்டு வருவோம். சொற்பொழிவுகளில் பாதி தூக்கம்தான். ஆனால் திரும்பி வரும்போது நாலு நண்பர்களும், ‘நானும் இந்தத் துறைக்காரன்தான்’ என்ற நினைப்பும் பையில் இருக்கும். இன்று அதன் பெயர் இரண்டு முறை மாறி மாளவியா மிஷன் பயிற்சி மையம் ஆகியிருக்கிறது, பல கோர்ஸ்கள் இரண்டு வாரம், ஆன்லைன். லேப்டாப்பில் கேமராவை அணைத்துவிட்டு இன்னொரு பக்கம் இன்டெர்னல் மார்க் ஏற்றலாம். சர்டிபிகேட் வருகிறது, டீக்கடை போய்விட்டது.

செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. குழு வேலைகளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுழற்றுவது, யாருக்கு எத்தனை குழு என்று ஒரு தாளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவது. ஒட்டிய அன்றே பாதிப் பேருக்குத் தூக்கிவாரிப்போடும். ஆறு நாள் ஆர்டர் டைம்டேபிளில் ஒரு அரை நாளாவது ஒருவருக்கு முழுசாக, நடுவில் ஹவர் விழாமல் கொடுப்பது. சக ஆசிரியர் எழுதிய கட்டுரையைத் துறையில் ஒருவராவது படிப்பது. கடைசியாகச் சொன்னதுதான் மிக அரிது. பதினாறு பேர் இருக்கும் துறையில், அடுத்தவர் பிஎச்.டி. எதைப் பற்றியது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

சென்ற வருடம் எங்களில் ஒருவருக்கு 13ஏ ஆணை வந்தது, வர வேண்டிய தேதியிலிருந்து நாலு வருடம் கழித்து. மைசூர்பாகு டப்பாவோடு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தார். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “அரியர் எவ்வளவு வரும்?” சொன்னார். அடுத்து இன்கம் டாக்ஸ் எவ்வளவு பிடிப்பார்கள் என்று பத்து நிமிடம் விவாதம் நடந்தது. டப்பா காலியானதும் டைம்டேபிள் பொறுப்பாளர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஜூன்ல ஃபர்ஸ்ட் இயருக்கு ஒரு பேப்பர் குடுங்க, பத்து வருஷமா தேர்ட் இயரே எடுத்துட்டிருக்கேன்” என்றார். பொறுப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். “பாக்கலாம் சார், அதுக்கு முன்னாடி கிரைட்டீரியா த்ரீ ஃபைல யார்கிட்ட குடுக்கப் போறீங்க?”